'வாயைக் கட்டு' என்பதற்கு முன் மருந்து உறையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நவம்பர் 14, உலக நீரிழிவு தினம் வந்தால் "சீனியைக் குறையுங்கள், தினமும் அரை மணித்தியாலம் நடைப்பயிற்சி செய்யுங்கள், வாயைக் கட்டுங்கள்" என்று மேடைகளிலும் பத்திரிகைகளிலும் சொல்லிவிட்டு அடுத்த வருடம்வரை மறந்துவிடுகிறோம். சொல்வதில் பிழையில்லை. ஆனால் இரத்தத்தில் சீனி ஏறி, காலில் புண்ணோடு வார்ட்டுக்கு வருகிற எல்லோரும் வாயைக் கட்டாதவர்கள் அல்லர். அளவாகச் சாப்பிட்டும் மருந்தைத் தவறவிடாமல் எடுத்தும் சீனி இறங்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய மருந்து உறை, சிறிஞ், இரத்தச் சீனி பார்க்கும் மீற்றர் மூன்றையும் வாங்கிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அவற்றிலேயே இருக்கும். பலவற்றைத் திருத்தப் பெரிய செலவும் தேவையில்லை.

வெறுவயிற்று இரத்தப் பரிசோதனையிலிருந்து தொடங்குவோம். அதற்கு 8 மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தால் போதும். புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ திருகோணமலை நகரத்துக்கு வருபவர் இரவு ஏழரைக்குச் சாப்பிட்டு, விடியுமுன் எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, வரிசையில் இருந்து இரத்தம் கொடுக்கும்போது ஒன்பது மணியாகிவிடும். பதின்மூன்றரை மணித்தியாலப் பட்டினி. இதில் இரண்டு விதமான ஆட்கள் உண்டு. ஒருவர் பழக்கத்தில் விடியற்காலையிலேயே சீனியை இறக்கும் கிளிக்கிளசைட் குளிசையைப் போட்டுவிட்டு பஸ் ஏறுவார். சாப்பாடு இல்லாமல் அந்தக் குளிசை வேலை செய்தால் வரிசையிலேயே வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டு விழுவார். மற்றவர் பயத்தில் குளிசை, இன்சுலின் ஒன்றும் எடுக்காமல் வந்து, மருந்து வாங்கி வீடு போய்ச் சேரும்வரை அப்படியே இருப்பார். மத்தியானச் சாப்பாட்டோடு சீனி உச்சத்துக்குப் போகும். காலையில் விட்டதையும் சேர்த்து இரவில் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அது எல்லாவற்றையும்விட ஆபத்து.

இதைத் தவிர்ப்பது சுலபம். காலை மருந்தையும் காலைச் சாப்பாட்டையும் ஒரே பையில் கட்டிக்கொண்டு வாருங்கள். இரத்தம் எடுத்த பிறகுதான் மருந்து. மருந்து எடுத்தால் கட்டாயம் சாப்பாடு. கிளிக்கிளசைட்டும் கலவை இன்சுலினும் என்றால் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன். மெட்போமின் குளிசை என்றால் சாப்பாட்டோடு. வெறும் தண்ணீர் எவ்வளவும் குடிக்கலாம். பலர் தண்ணீரையும் விட்டுவிட்டு வருவதால் நரம்பு தேடுவதே தாதிமாருக்குப் பெரும்பாடு.

இன்னொரு வழியும் இருக்கிறது. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தின் பின் எடுக்கும் பரிசோதனை தூரத்திலிருந்து வருபவர்களுக்கு மிகவும் பொருந்தும். வீட்டில் சாப்பிட்டு மருந்தும் எடுத்துவிட்டுப் புறப்படலாம். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்துதான் இரண்டு மணித்தியாலத்தைக் கணக்கிட வேண்டும், சாப்பிட்டுக் கைகழுவிய நேரத்திலிருந்து அல்ல. அந்த நேரத்தைத் துண்டில் எழுதிவைத்தால் நல்லது. 180க்குக் கீழே (ஒரு டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில்) இருப்பது பெரும்பாலானோருக்கு இலக்கு. வெறுவயிற்றில் 80 முதல் 130. வயோதிபர்களுக்கும் அடிக்கடி சீனி இறங்குபவர்களுக்கும் வைத்தியர் இதைச் சற்றுத் தளர்த்திச் சொல்வார். கிளினிக்குகளில் தூரத்து ஊர்க்காரருக்கு இந்தப் பரிசோதனையை ஒழுங்குசெய்து கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

வெறுவயிற்றுக் கணக்கை மட்டும் நம்புவதில் வேறொரு சிக்கலும் உண்டு. கிளினிக்குக்கு முதல் நாள் மட்டும் பாவற்காயும் குறிஞ்சா இலையுமாகச் சாப்பிட்டு, இரவு பட்டினி கிடந்து 110 என்று காட்டிவிட்டுப் போகலாம். மிச்ச 29 நாளும் சாப்பாட்டுக்குப் பின் 280 ஓடிக்கொண்டிருக்கும். கண்ணும் சிறுநீரகமும் கெடுவது அந்த 280இல். இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறுவயிறு தேவையில்லை, முதல்நாள் வித்தையும் செல்லாது. 7 சதவீதம் என்றால் சராசரிச் சீனி ஏறக்குறைய 154. இரத்தச்சோகை, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்களுக்கும் அண்மையில் இரத்தம் ஏற்றியவர்களுக்கும் இந்தக் கணக்குப் பிழைக்கும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

இனி மருந்து உறை. சின்னக் கடதாசி உறையில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் 'பிடி', 'ரிடிஎஸ்' என்று பேனையால் கிறுக்கித் தந்தால் தமிழில் மட்டும் வாசிக்கத் தெரிந்த அம்மா எப்படி விளங்குவார்? முதலாவது ஒரு நாளைக்கு இரண்டு தடவை, இரண்டாவது மூன்று தடவை. வெள்ளை நிற வட்டக் குளிசைகள் மூன்று நான்கு உறையில் ஒன்றுபோலவே இருக்கும். இதைவிட மோசமானது, மருந்து ஒன்றேயானாலும் கொம்பனி மாறும்போது உருவம் மாறிவிடுவது. போன மாதம் நீளக் குளிசையாக வந்த மெட்போமின் இந்த மாதம் வட்டமாக வரும். புது மருந்தாக்கும் என்று நினைத்து மிச்சமிருந்த நீளத்தையும் வந்த வட்டத்தையும் சேர்த்து எடுப்பார்கள். மெட்போமினில் இது நடந்தால் வயிற்றோட்டம். கிளிக்கிளசைட்டிலோ அதே வகையான கிளிமெப்பிரைட்டிலோ நடந்தால் இரவில் நினைவிழப்பு.

உறையில் சூரியன் உதிப்பது, உச்சியில் நிற்பது, நிலா என்று மூன்று படம் அச்சடித்து, அதன் கீழே எத்தனை குளிசை என்று எழுதினால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் ஒரே உறை போதும். 'சாப்பாட்டுக்கு முன்', 'சாப்பாட்டோடு' என்பதற்கு இரண்டு கட்டம். கொம்பனி மாறிய மாதத்தில் "இது பழைய மருந்துதான், உருவம்தான் வேறு" என்று மருந்து கொடுப்பவர் சொல்ல ஐந்து வினாடி போதும். வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது: புது உறை வந்ததும் பழைய உறையோடு மருந்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, பழையதை முடித்த பிறகே புதியதைத் தொடங்குவது. பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும் வேலை.

மெட்போமினை இரகசியமாக நிறுத்துபவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். வயிறு பிரட்டும், வயிற்றோட்டம் வரும், பஸ்ஸில் போகமுடியாது. டொக்டர் ஏசுவார் என்று கிளினிக்கில் சொல்வதில்லை. டொக்டரோ மருந்து எடுத்தும் சீனி இறங்கவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார், இன்சுலினுக்கும் போவார். மெட்போமினை வெறுவயிற்றில் எடுக்காமல், சாப்பாட்டின் நடுவிலோ முடிவிலோ, 500 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டினால் பெரும்பாலானோருக்கு வயிறு பழகிவிடும். பழகாவிட்டால் மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது. அதை உடைக்கவோ அரைக்கவோ கூடாது. அதன் வெறும் கோது சிலவேளை மலத்தோடு முழுசாக வெளியேறும். மருந்து செமிக்கவில்லை என்று அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, போவது கோதுதான். வாந்தி, வயிற்றோட்டம், கடும் காய்ச்சலோடு உடலில் நீர் வற்றியிருக்கும்போது மட்டும் மெட்போமினை நிறுத்தி உடனே வைத்தியரிடம் போக வேண்டும். இன்சுலின் எடுப்பவர் காய்ச்சலிலும் தானாக இன்சுலினை நிறுத்தக்கூடாது. அளவை மாற்றுவது வைத்தியரின் வேலை.

இன்சுலினுக்கு வருவோம். இங்கே கிடைக்கும் போத்தல் 10 மில்லிலீற்றர், ஒரு மில்லிலீற்றருக்கு 100 யுனிட். அதற்குரியது யூ-100 சிறிஞ், செம்மஞ்சள் மூடி. தமிழ்நாட்டில் இன்னும் யூ-40 போத்தல்களும் அதற்கான சிவப்பு மூடிச் சிறிஞ்சும் புழக்கத்தில் உண்டு. திருச்சிக்கோ மதுரைக்கோ கோயில் பயணமோ வைத்தியமோ போய் வருபவர்கள் மலிவென்று ஒரு கட்டுச் சிறிஞ் வாங்கிவருவது வழக்கம். இதில் உயிராபத்து இருக்கிறது. டொக்டர் 20 யுனிட் எழுதியிருக்கிறார் என்று வைப்போம். நமது யூ-100 போத்தலிலிருந்து யூ-40 சிறிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் அரை மில்லிலீற்றர் வரும். அதில் இருப்பது 50 யுனிட், சொன்னதைப்போல் இரண்டரை மடங்கு. மாறாக, அங்கிருந்து கொண்டுவந்த யூ-40 போத்தலை இங்குள்ள யூ-100 சிறிஞ்சில் 20 கோட்டுக்கு இழுத்தால் உடம்பில் ஏறுவது 8 யுனிட்தான். முதலாமவர் மயங்கி விழுவார், இரண்டாமவருக்குச் சீனி ஏறிக்கொண்டே போகும். இருவருமே "சரியாகத்தான் போட்டேன்" என்று சொல்வார்கள், அவர்கள் எண்ணிய கோடு சரிதான். போத்தலில் உள்ள எண்ணும் சிறிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு புதுக் கட்டு வாங்கும்போதும் பாருங்கள். அதேபோல யூ-100இலும் ஒரு மில்லிலீற்றர் சிறிஞ்சில் ஒரு கோடு 2 யுனிட், அரை மில்லிலீற்றர் சிறிஞ்சில் ஒரு கோடு 1 யுனிட். பருமன் மாறினால் கோடுகளை எண்ணாமல் எழுதியிருக்கும் இலக்கத்தைப் பார்த்து இழுக்க வேண்டும்.

பால்போல் கலங்கிய இன்சுலினை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துப் பத்துத் தடவை மெதுவாக உருட்ட வேண்டும். குலுக்கினால் நுரைத்து அளவு பிழைக்கும். உருட்டாமல் எடுத்தால் மேலே தெளிவான பகுதி ஒருநாள், அடியில் தடித்த பகுதி இன்னொருநாள் என்று போகும். உருட்டியும் கட்டியோ, போத்தல் கண்ணாடியில் ஒட்டிய வெள்ளைத் துகளோ தெரிந்தால் அதைப் பாவிக்க வேண்டாம். தெளிவான இன்சுலின் கலங்கியிருந்தாலும் அப்படித்தான்.

திறந்த போத்தல் எவ்வளவு காலத்துக்கு நல்லது என்பது போத்தலோடு வரும் தாளில் இருக்கும், பொதுவாக 4 முதல் 6 வாரம். நாளைக்கு 20 யுனிட் போடுபவருக்கு ஒரு போத்தல் 50 நாள் ஓடும். கடைசி வாரங்களில் அவர் பலம் குறைந்த மருந்தைப் போட்டுக்கொண்டிருப்பார். திறந்த திகதியைப் பிளாஸ்டரில் எழுதிப் போத்தலில் ஒட்டுங்கள். மிச்சத்தை வீசுவதற்கு மனம் வராது, தெரியும். அதனால்தான் சிறிய அளவு போடுபவர்களுக்கு அடுத்த போத்தலை நேரத்தோடு கொடுப்பதில் கிளினிக்குகள் கையை இறுக்கக்கூடாது என்கிறோம்.

பிரிட்ஜ் இல்லாத வீடு பற்றியும் சொல்ல வேண்டும். திறக்காத போத்தல் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில் வைத்தால் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதபடி சொல்லிவையுங்கள். ஒருதரம் உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. பாவிக்கும் போத்தலுக்கு இரண்டு மண்பானை போதும். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. இன்சுலினை நனையாதபடி மூடியுள்ள பிளாஸ்ரிக் டப்பாவில் போட்டு உள்பானையில் வைத்து, நிழலில் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் விட வேண்டும். ஈரம் காய்ந்து போகிறபோதுதான் பானை குளிரும். ஆகவே வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இது நன்றாக வேலை செய்யும். வாடைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு குளிராது, ஆனால் அப்போது வெக்கையும் குறைவு. முச்சக்கரவண்டியின் முன் தட்டிலும் மோட்டார்சைக்கிள் சீற்றுக்கு அடியிலும் இன்சுலினை ஒருநாளும் விடாதீர்கள்.

ஊசி போடுவது எப்போதும் ஒரே இடத்திலா? தொப்புளுக்குப் பக்கத்தில் விரல்களால் தடவிப் பாருங்கள். ரப்பர்போல் தடித்த கட்டி தட்டுப்பட்டால் அந்த இடத்தில் போட்ட இன்சுலின் ஒருநாள் உறிஞ்சும், ஒருநாள் உறிஞ்சாது. வலி குறைவு என்பதால் எல்லோரும் அங்கேயே போடுவார்கள். இடம் மாற்றிப் போடும்போது பழைய அளவே திடீரெனப் பலமாக வேலை செய்து சீனி இறங்கலாம். ஆகவே வைத்தியரிடம் சொல்லி அளவைச் சரிபார்த்துவிட்டு மாற்ற வேண்டும். இந்தக் கட்டியைக் கையால் தடவிப் பார்க்காமலே அளவைக் கூட்டி எழுதுவது பல இடங்களில் நடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோயாளியைத் தன் கையாலேயே ஊசி ஏற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்தால் இவை எல்லாம் வெளிவரும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் மீற்றர் ஒரு தனிக் கதை. லண்டன், கனடா, அவுஸ்திரேலியாவிலிருந்து வரும் மீற்றர் மில்லிமோல் என்ற வேறு அளவில் காட்டும். நம் கிளினிக் கொப்பியில் இருப்பது மில்லிகிராம். 15 என்று திரையில் வந்தால் சின்ன எண் என்று சந்தோஷப்படுகிறார்கள், அது 270. மீற்றர் எண்ணை 18ஆல் பெருக்குங்கள். 4 என்றால் 72, 7 என்றால் 126, 10 என்றால் 180. இந்த மூன்றையும் மீற்றரின் பின்பக்கம் எழுதி ஒட்டினாலே போதும். அடுத்த பிரச்சினை, இரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப். ஒரு கொம்பனி மீற்றருக்கு மற்றக் கொம்பனி ஸ்ட்ரிப் பொருந்தாது. அனுப்பிய 50 முடிந்ததும் மீற்றர் அலுமாரிக்குப் போகும். பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: மீற்றரை அனுப்பாமல் காசை அனுப்புங்கள், ஸ்ட்ரிப் எது தொடர்ந்து கிடைக்கிறது என்று இங்குள்ள பாமசியில் கேட்டு அதற்குரிய மீற்றரை வாங்கட்டும்.

ஸ்ட்ரிப் போத்தலின் மூடியைத் திறந்து விட்டால் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் கெட்டுவிடும். மாம்பழம் உரித்த கையோடு குத்தினால் சீனி 300கூடக் காட்டலாம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். மீற்றருக்கும் ஆய்வுகூடத்துக்கும் 15 சதவீதம்வரை வித்தியாசம் இருக்கலாம். 200 என்பது 170ஆகவும் வரும், 230ஆகவும் வரும். இதற்காக மீற்றரை வீச வேண்டியதில்லை. ஸ்ட்ரிப் குறைவாக இருப்பவர்கள் தினமும் காலையில் மட்டும் குத்துவதைவிட, ஒரு சாப்பாட்டுக்கு முன் ஒன்று, இரண்டு மணித்தியாலத்தின் பின் ஒன்று என்று சோடியாகக் குத்தினால் அந்தச் சாப்பாடு என்ன செய்கிறது என்று தெரியும். இந்த வாரம் இடியப்பம், அடுத்த வாரம் பிட்டு.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நாங்கள் சுருக்கமாகச் சொல்கிறோம். சிவப்பரிசியும் குரக்கனும் நல்லவைதான், ஆனால் அளவு கூடினால் அவையும் சீனியைக் கூட்டும். பனங்கட்டியும் சீனிதான். அரை இறாத்தல் பாணில் ஏறக்குறைய 110 கிராம் மாச்சத்து இருக்கிறது, ஒரு வேளைக்குத் தேவையானதைப்போல் இரண்டு மடங்கு. மீன்பிடித்துறைமுக வேலைக்கும் கூலிக்கும் போகிறவருக்கு அதுவே மலிவான காலைச் சாப்பாடு. அவரிடம் 'சலாட் சாப்பிடுங்கள்' என்பது பகிடி. பாணைப் பாதியாக்கி, மிச்சக் காசுக்குக் கடலையோ சூடைமீன் கறியோ என்றால் செய்வார்.

சீனி 70க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு தடவை. பிஸ்கற்றும் பால்தேத்தண்ணீரும் மெதுவாகத்தான் ஏறும். ஏறிய பின் சாப்பாடு. கிளிக்கிளசைட் போன்ற குளிசையால் இறங்கியதென்றால் சில மணித்தியாலத்தில் திரும்பவும் இறங்கலாம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் அதிகம், வைத்தியசாலைக்குப் போவதே பாதுகாப்பு. நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை.

கால் உணர்ச்சி மரத்தவர்கள் மத்தியான வெயிலில் கோணேசர் கோயில் கற்தரையில் வெறுங்காலோடு நின்றால் பாதம் கொப்பளிப்பது தெரியாது. விடியற்காலையில் போய்வரலாம். தினமும் இரவு பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும், குனிய முடியாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம்.

கடைசியாக விரதமும் நோன்பும். கௌரி விரதம் 21 நாள், கந்தசஷ்டி 6 நாள், ரமழான் ஒரு மாதம். விட்டுவிடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, சொல்லாமல் பிடிப்பார்கள். ஒருவேளைச் சாப்பாட்டோடு வழமையான காலை இன்சுலினும் குளிசையும் எடுத்தால் பகலில் விழுவது நிச்சயம். நோன்பு காலத்தில் காலை மருந்தின் பெரிய அளவை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்து அளவைக் குறைப்பது வைத்தியர்கள் வழக்கமாகச் செய்வது. அதைத் தானாகச் செய்யாமல் ஆறு, எட்டு வாரத்துக்கு முன் கிளினிக்கில் கேட்க வேண்டும். முதலாவது வகை நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் சீனி இறங்கி மயங்கியவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் பிடிக்காமல் இருப்பதே நல்லது. மற்றவர்களும் 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ அன்றைய விரதத்தை முறித்தாக வேண்டும். கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் விரத அறிவித்தல் ஒட்டும்போது, "சலரோகக்காரர் இரண்டு மாதத்துக்கு முன் கிளினிக்கில் மருந்து அளவைக் கேட்டுக்கொள்ளவும்" என்று ஒரு வரியைச் சேர்த்து, அறிவித்தலையும் அதற்கேற்ப முன்கூட்டியே ஒட்டும்படி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்களும் மருந்தாளர்களும்,
திருகோணமலை.